இரண்டாம் பக்கம் போன இரண்டு வரி

ஜூன் 3

அக்கா,

பதினேழு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. முதல் வாரம், லேபில் தலையை நுழைத்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம், போன் ரிப்பேர் என்று நினைத்தேன். நேற்று அம்மாவிடம் கேட்டால், "அவ போனுக்கு ஒண்ணும் இல்லடா, என்கிட்ட தினம் அரை மணி நேரம் பேசுறா. உன் பேரை எடுத்தா மட்டும் சிக்னல் போயிடுது" என்கிறாள். ஆகவே பேனாவை எடுத்துவிட்டேன். கடைசியாக நான் கையால் எழுதியது பரீட்சைத் தாள். அதில் வாங்கின மார்க் உனக்குத் தெரியும்.

லாரி நின்ற விஷயம் எனக்கும் தெரியும். பழைய பேட்டரி உருக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவுக்கு மார்ச் முதல் தேதியிலிருந்து தண்ணீர் லாரி வரவில்லை. நிறுத்தச் சொன்னது நான் வேலை செய்கிற சட்டமன்ற நீர்க் குழு. குழு அப்படி முடிவு எடுத்தது எங்கள் மாணவர் மன்றம் அனுப்பிய குறிப்பைப் பார்த்து. அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்தது நான். இவ்வளவையும் நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ எனக்கு அனுப்பிய ஒரே ஒரு செய்தியில், "கொன்னுட்டியேடா" என்று எழுதியிருந்தாயே, அது கொஞ்சம் அதிகம் இல்லையா?

இந்த இடம் எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு வருடத்துக்கு என்னை இங்கே அனுப்பியபோது, அறிவியலைக் கொண்டுபோய்ச் சட்டம் போடுகிறவர்கள் காதில் ஓதப் போகிறேன் என்று கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேனே, இங்கே வந்து பார்த்தால் காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குழுவில் பன்னிரண்டு உறுப்பினர்கள். தினமும் காலையில் ஒவ்வொருவர் மேசையிலும் முழங்கை உயரத்துக்குத் தாள். அதனால் எங்கள் பிரிவு அதிகாரி ஒரு விதி வைத்திருக்கிறார்: மாணவர் குறிப்பு என்றால் ஒரே ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்தில் ஒரு எழுத்து இருந்தாலும் உறையில் போட மாட்டார். இணைப்பு கிணைப்பு எதுவும் கிடையாது. அந்தத் தெருக் கிணறுகளில் ஈயம் அளந்த உன் அறிக்கை பதினான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் பாட்டில் கழுவிய விதம்.

உன் எண்களை நான் தொடவில்லை. ஏழு என்றால் ஏழு என்றுதான் போட்டேன். எதையாவது குறைத்தாக வேண்டியிருந்தது, எதையோ குறைத்தேன். மன்னித்துவிடு என்று எழுதினால் போனை எடுப்பாயா?

தம்பி


ஜூன் 10

உன் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

"எதையோ" என்று எழுதியிருக்கிறாய். அது எதையோ இல்லை. மறந்திருந்தால் எழுதிக்கொள்: "இவை மழைக்கால அளவுகள் மட்டுமே. கோடையில் கிணற்று நீர் இறங்கும்போது ஈயத்தின் அளவு பல மடங்கு உயரக்கூடும். கோடை அளவு எடுக்கும்வரை லாரியை நிறுத்தக் கூடாது." என் பதினான்கு பக்கத்தில் இதை நான் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். மற்ற எதையும் தடித்த எழுத்தில் போடவில்லை.

அனுமதித்த அளவு லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம். மழையில் ஏழு. மே மாதம் அதே கிணற்றில் எடுத்தேன். முப்பத்தொன்று. கருவியில் கோளாறு என்று நினைத்து மறுபடி எடுத்தேன். முப்பத்து இரண்டு. நீ போன் செய்ய ஆரம்பித்தது அதற்கு மறுநாள். உன் குரலைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

நீ அந்தத் தெருவுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. உங்கள் மன்றத்தின் பதாகையைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தீர்கள், போய்விட்டீர்கள். நான் ஐந்து மாதம் போனேன். கிணற்றுக்கு எதிர் வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். நான் வர முடியாத நாட்களில் அவள்தான் எனக்காகப் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, தையல் மெஷினுக்கு அடியில் வரிசையாக வைத்திருப்பாள். தேதியைத் துணித் துண்டில் எழுதிப் பாட்டில் கழுத்தில் கட்டியிருப்பாள். ஒரு தேதிகூடத் தப்பியதில்லை. எங்கள் லேபில் சம்பளம் வாங்குகிறவர்கள் இப்படிச் செய்ததில்லை.

பிப்ரவரியில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. தாய்ப்பால் போதவில்லை, புட்டிப்பால். லாரி நின்றதும் கிணற்றுத் தண்ணீர். "பயமா இருந்துச்சு மேடம், அதனால கால் மணி நேரம் நல்லா கொதிக்க வெச்சுத்தான் கலக்குறேன்" என்றாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகிற அளவுக்கு மிச்சத்தில் ஈயம் கூடும். அவள் எவ்வளவு கவனமாக இருந்தாளோ அவ்வளவுக்குக் கெடுதல். இதை நான் அவளிடம் சொன்னபோது அவள் அடுப்பை அணைத்தாள்.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது. எவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். எவ்வளவு இருந்தாலும் நல்லதில்லை என்றார்.

குறிப்பின் கீழே "அளவீடு" என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய். பெருமைக்குப் போட்டிருப்பாய். நகராட்சிக்காரர் அந்தத் தாளைத் தெருவில் காட்டித்தான் லாரியை நிறுத்தினாராம். தையல்காரி என்னைக் கேட்டாள்: "பேரு உங்க பேருதானே?" ஆமாம் என்றேன்.

என் வேலை அளப்பது, அளந்ததை அளந்தபடி சொல்வது, மேற்கொண்டு எனக்குத் தெரியாது, என்னை இதில் இழுக்காதே என்று உன்னிடம் முதலிலேயே சொன்னேன். "அளந்து அலமாரியில வெக்கவாக்கா?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு மயங்கித்தான் அறிக்கையைக் கொடுத்தேன்.

போனை எடுக்க மாட்டேன். எழுதுவதானால் எழுது.

அக்கா


ஜூன் 17

அக்கா,

போன கடிதத்தில் நான் சாமர்த்தியமாக எழுதியிருந்தேன். உன் பதிலைப் படித்த பிறகு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. இப்போது நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் எழுதினால் வெட்டத் தோன்றும், அதனால் இதையும் கையால்தான் எழுதுகிறேன்.

ஜனவரி இருபத்தொன்று, மதியம். பிரிவு அதிகாரி குறிப்பை என் மேசையில் போட்டார். "தம்பி, ரெண்டு வரி அடுத்த பக்கம் போயிருக்கு. நாலு மணிக்கு உறை ஒட்டிடுவோம்" என்றார். எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன். அது அவருடைய கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதற்கும் விதி இருக்கிறது. ஓரங்களைக் குறுக்கிப் பார்த்தேன். அதற்கும் விதி. சரி, இரண்டு வரி வெட்ட வேண்டும்.

வெட்டக்கூடிய இரண்டு வரி முதல் பத்தியிலேயே இருந்தது. "பல்கலைக்கழக மாணவர்களே ஒன்றுகூடிச் சட்டமன்றக் குழு ஒன்றுக்கு அறிவியல் குறிப்பு அளிப்பது இதுவே முதல் முறை" என்று ஆரம்பிக்கும். அதை எழுத எங்கள் மன்றத்தில் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். கேன்டீனில் ஆறு பேராக ஆரம்பித்தது, அறுபது பேராகி, ஒரு குறிப்பு நிஜமாகவே அவைக்குள் போகிறது. அந்த வரியை உறுப்பினர்கள் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதில் மழையும் இல்லை, ஈயமும் இல்லை, யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டேன். உன்னுடைய இரண்டு வரியை எடுத்தேன். இணைப்பாகப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இணைப்பு வாங்க மாட்டார்கள் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

மூன்று ஐம்பதுக்குக் கொடுத்துவிட்டேன். அதிகாரி, "பார்த்தியா, குறைக்க முடியுமில்ல?" என்றார். சந்தோஷமாகக்கூட இருந்தது அக்கா. அதைத்தான் என்னால் இப்போது தாங்க முடியவில்லை.

இனி செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஜூலை பன்னிரண்டாம் தேதி குழு இந்த முடிவை மறுபடி பார்க்கப் போகிறது. அதற்கு முன், ஐந்தாம் தேதி வரை, யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். யார் வேண்டுமானாலும் என்றால் நிஜமாகவே யார் வேண்டுமானாலும். முதல் வருட மாணவன் அனுப்பலாம், தையல்காரி அனுப்பலாம். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பதிவு செய்தாக வேண்டும், அது சட்டம். நேரில் பேசவும் கேட்கலாம், ஐந்து நிமிடம் தருவார்கள். நான் இங்கே வேலை செய்கிறவன் என்பதால் நான் எதுவும் அனுப்பக் கூடாது, பேசவும் கூடாது. மன்றத்துப் பிள்ளைகள் உன்னை வந்து பார்ப்பார்கள், நான் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு ஆர்வம் நிறைய, அளக்கத் தெரியாது. உன் தொகுதி உறுப்பினரின் அலுவலகம் சனிக்கிழமை காலையில் திறந்திருக்கும், அங்கேயும் ஒரு தடவை போய் வரச் சொல். நீயும் வந்து பேசு.

முப்பத்தொன்று என்கிற எண் இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் வாய் திறக்கக் கூடாதவன்.

தம்பி


ஜூன் 25

டேய்,

உன் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள். லேபுக்கு வெளியே வராந்தாவில் உட்கார வைத்தேன். ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்த கருத்து, "உலகம் தோன்றிய நாள் முதலாய் நீரே உயிருக்கு ஆதாரமாய் விளங்கி வருகிறது" என்று ஆரம்பிக்கிறது. உன் மன்றத்தில் எல்லோரும் உன்னைப் போலத்தான் இருப்பார்கள் போல. உலகத்தை விடு, கிணற்றுக்கு வா என்றேன். யார் எழுதுகிறேன், என்ன பார்த்தேன், எந்த மாதம் பார்த்தேன், என்ன கேட்கிறேன், அவ்வளவு போதும் என்றேன். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போய் மறுநாள் எட்டே வரியில் எழுதிக்கொண்டு வந்தாள். நன்றாக இருந்தது. இரண்டு பையன்கள் தெருவுக்கு என்னோடு வந்து பாட்டில் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். தொகுதி அலுவலகத்துக்குச் சனிக்கிழமை போனோம். உறுப்பினர் இல்லை. உதவியாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்து எழுதிக்கொண்டார். இப்படி ஒரு கதவு இருப்பது ஆறு வருடம் இந்த ஊரில் படித்த எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை என்பதுதான் சரி.

இனிமேல் எழுதப் போவதை நேற்று இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஜனவரி இருபத்தொன்றாம் தேதி மூன்றரை மணிக்கு நீ அந்தக் குறிப்பை என் போனுக்கு அனுப்பினாய். "பார்த்து ஓகே சொல்லுக்கா, அவசரம்" என்று போட்டிருந்தாய். நான் திறந்தேன். ஏழு, பத்து, கிணறுகள் நான்கு, மாதிரிகள் அறுபத்து மூன்று. ஒவ்வொரு எண்ணையும் என் நோட்டோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. "சரி" என்று அனுப்பினேன். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. உன் போனிலும் இருக்கும். இரண்டு கடிதத்திலும் நீ அதைச் சொல்லவே இல்லை.

நான் எண்களை மட்டும்தான் பார்த்தேன். சொற்களைப் படிக்கவில்லை. ஒரு பக்கம்தான், படிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எண் என்னுடையது, எழுத்து உன்னுடையது என்று அப்படியே பழகிவிட்டேன். தடித்த எழுத்தில் நான் போட்ட ஒரே பகுதி அதில் இல்லை என்பது எனக்கு மே மாதம் வரை தெரியாது. மே மாதம் தெரிந்ததும் முதல் வேலையாக உனக்கு "கொன்னுட்டியேடா" என்று அனுப்பினேன். போனை எடுக்காமல் இருந்தது கோபத்தால் மட்டும் இல்லை. நீ "நீதானே சரின்னு சொன்னே" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

நீ ஏன் கேட்கவில்லை?

பன்னிரண்டாம் தேதி வருகிறேன்.

அக்கா


ஜூலை 14

அக்கா,

ஏன் கேட்கவில்லை என்றால், நீ படித்திருக்க மாட்டாய் என்று தெரிந்துதான் உனக்கு அனுப்பினேன். சின்ன வயதிலிருந்து உனக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் எண்ணைத்தான் பார்ப்பாய். கூட்டல் சரியாக இருந்தால் மற்றது கண்ணில் படாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே உன் "சரி"யை வாங்கி வைத்துக்கொண்டேன். போதுமா? இதற்கு மேல் என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை என்று எழுத வந்தேன், நேற்று முன்தினம் நடந்ததைச் சேர்த்தால் அதுவும் பொய்.

நீ பேச எழுந்தபோது நான் தலைவருக்குப் பின்னால் மூன்றாவது நாற்காலியில் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாய். முப்பத்தொன்று என்று சொன்னாய். அறை கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் தலைவர் கேட்டார்: "ஏம்மா, ஜனவரியில உங்க பேர் போட்ட தாள்ல ஆபத்து இல்லைங்கிறீங்க. ஜூலையில வந்து ஆபத்துங்கிறீங்க. நாங்க எதை நம்புறது?"

நீ ஒரு மூச்சு எடுத்தாய். தம்பி வெட்டிவிட்டான் என்று சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சத்தியமாக நன்றாக இருந்திருக்கும். நீ சொன்னது இதுதான்: "மழைக்கால அளவை மட்டும் வெச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னு அந்தத் தாள்ல இருந்திருக்கணும். அனுப்புறதுக்கு முன்னாடி நான் முழுசா படிக்கல. தப்பு என்னுது. அந்தத் தெருவுக்குத் தண்ணி குடுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. வேலை செய்கிறவன் பேசக் கூடாது என்கிற விதி அன்றைக்கு எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அதோடு நிற்கவில்லை. குறிப்பில் எழுத வேண்டியது நான். "ஆய்வாளர் தமது தவற்றை ஒப்புக்கொண்டார்" என்று எழுதினேன். என் கையெழுத்தில்.

லாரியை மறுபடி விடச் சொல்லி முடிவாகிவிட்டது. எல்லோரும் கை தூக்கினார்கள். உன் பிள்ளைகள் திரட்டி அனுப்பிய நாற்பத்தேழு கருத்துகளும் எண் போட்டுக் கோப்பில் இருக்கின்றன, தையல்காரி அனுப்பியது முப்பத்தெட்டாவது. அதே கூட்டத்தில் இன்னொன்றும் முடிவானது. இனி மாணவர் மன்றங்களிடமிருந்து குறிப்பு வாங்குவதில்லை, பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம் என்று. உலகம் தோன்றிய நாளிலிருந்து எழுத ஆரம்பித்த அந்தப் பெண் அடுத்த வருடம் என் இடத்துக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். அவளிடம் என்ன சொல்வேன்? முதல் முறை என்று பெருமையாக எழுதினேனே, அதுவே கடைசி முறையாகவும் ஆகிவிட்டது.

நேற்று காலை பிரிவு அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். நிகழ்ச்சிக் குறிப்பைத் திருத்த முடியாது, ஒப்புதல் ஆகிவிட்டது. தலைவருக்கு என் பெயரில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். படித்தாரா என்று தெரியாது. இன்று என்னைக் குழுவிலிருந்து எடுத்து நூலகத்தில் போட்டுவிட்டார்கள், பழைய அறிக்கைகளை அடுக்க. திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூக்கமாவது வந்திருக்கும்.

நீ ஏன் சொல்லவில்லை அக்கா?

தம்பி


ஆகஸ்ட் 2

டேய்,

உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லாமல் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்காதே. ஐந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். யார் வெட்டினது என்று விசாரிக்க ஆரம்பித்தால் தண்ணீருக்கு நேரம் இருக்காது என்று தோன்றியது. அதோடு நான் சொன்னது உண்மை. அதை முதலில் சொல்லாமல் உன்னுடையதை எப்படிச் சொல்வது?

உன் எழுத்தை அம்மாவிடம் காட்டவில்லை. "ரெண்டும் பேசிக்கிச்சுங்களா?" என்று தினமும் கேட்கிறாள். எழுதிக்கொள்கிறோம் என்றேன். "எதிரெதிர் ரூம்ல இருந்து கத்துன கழுதைங்க இப்போ கடுதாசி போடுதுங்களாம்" என்று யாரிடமோ சொல்லிச் சிரித்தாள்.

லாரி இருபதாம் தேதியிலிருந்து வருகிறது. நான் போய் நின்று பார்த்தேன். தையல்காரி குடத்தோடு வரிசையில் நின்றாள். என்னைப் பார்த்தாள், தலையை மட்டும் அசைத்தாள். அடுத்த வாரம் போனேன், மெஷினுக்கு அடியில் பாட்டில் எதுவும் இல்லை. அவளிடம் கேட்காமலே திரும்பி வந்தேன். குழந்தையை மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அளவு இறங்கும் என்கிறார்கள். ஏறினபோது என்ன செய்துவிட்டுப் போனது என்பது அது பேச, நடக்க ஆரம்பிக்கும்போதுதான் தெரியுமாம்.

பிள்ளைகள் வாரா வாரம் வராந்தாவுக்கு வருகிறார்கள். கையெழுத்துப் போடுகிற பேராசிரியரைத் தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறோம். மூன்று பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். குறிப்பை யார் எழுதினாலும் அளந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். எனக்கு ரொம்ப அலுப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வாசிக்கிறேன்.

நேற்று தையல்காரி லேபுக்கே வந்தாள். இதுவரை வந்ததில்லை. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "அந்தத் தாளைக் கொஞ்சம் பாக்கணும் மேடம்" என்றாள். எந்தத் தாள் என்று நான் கேட்கவில்லை. நகல் எடுத்துக் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். உன் முதல் முறை வரியைப் படித்தாள். என் ஏழு என்ற எண்ணைப் படித்தாள். என் பெயரைப் படித்தாள். முடிந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"கோடையில குடிக்காதீங்கன்னு எங்க இருக்கு?"

இல்லை என்றேன். இடம் போதவில்லை, ஒரு பக்கம்தான் என்பது விதி, இரண்டு வரி அதிகமாகிவிட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு தாளை என் மேசைமேல் வைத்து, உன் அதிகாரி தொடக் கூடாது என்று விட்டிருந்த கீழ் ஓரத்தில், என் பெயருக்குக் கீழே, இரண்டு விரலைப் படுக்க வைத்தாள். இன்னும் இடம் மிச்சம் இருந்தது.

"இங்க எழுதியிருக்கலாமே மேடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அவளுக்கு என்ன சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

அக்கா